இடம் கிடைத்த பிறகு

பிளஸ் டூ முடிவுகள் வந்து, அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் கலந்தாய்வும் நடந்து, இடம் கிடைக்காத பிள்ளைகளின் பெற்றோர் முதல்வர் அறை வாசலில் காத்து நிற்கும் ஜூன், ஜூலை வாக்கில் உயர்கல்வித் துறையிலிருந்து ஓர் அறிவிப்பு வருவது அண்மை ஆண்டுகளில் வழக்கமாகிவிட்டது. அரசுக் கல்லூரிகள் 20 சதவீதம், உதவிபெறும் கல்லூரிகள் 15 சதவீதம், சுயநிதிக் கல்லூரிகள் 10 சதவீதம் என்று மாணவர் இடங்களைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். செய்தித்தாள்கள் அதை நல்ல செய்தியாகவே போடுகின்றன; இடம் கிடைத்த குடும்பத்துக்கு அது நல்ல செய்திதான். 60 பேர் இருந்த பி.காம். வகுப்பில் 72 பேர் ஆகிறார்கள். பாடம் நடத்துபவர் பழைய ஆள், அறை பழைய அறை, கால அட்டவணையும் பழையது. உயர்கல்வி விரிவாக்கம் பற்றி நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் அந்த 12 பேர் உள்ளே வந்தார்களா என்பதோடு நின்றுவிடுகிறது. வந்த பிறகு 72 பேருக்கும் கிடைப்பது என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கல்லூரிகள் திணறுவதற்குக் காரணம் மாணவர் அதிகம் வந்தது என்று சொல்வது தவறு. இடத்தை ஒரு கையெழுத்தில் உருவாக்கும் நிர்வாகம், ஆசிரியரை உருவாக்கப் பத்தாண்டு எடுத்துக்கொள்வதே காரணம் என்பது என் வாதம்.

வந்த கூட்டத்தின் அளவை முதலில் பார்த்துவிடலாம். அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின் 2021-22 கணக்குப்படி நாட்டில் 4.33 கோடிப் பேர் உயர்கல்வியில் இருந்தார்கள். 18 முதல் 23 வயதுக்குட்பட்டவர்களின் தொகையோடு ஒப்பிடும் மொத்தச் சேர்க்கை விகிதம் இந்தியா முழுமைக்கும் 28.4; தமிழ்நாட்டுக்கு 47. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை 2035க்குள் நாடு எட்ட வேண்டும் என்று வைத்த இலக்கு 50. அந்த இலக்கின் வாசலில் தமிழ்நாடு எப்போதோ வந்து நின்றுவிட்டது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்ட்டின் ட்ரோ 1973இல் ஒரு வகைப்பாட்டைச் சொன்னார்: 15 சதவீதம் வரை உயர்கல்வி மேட்டுக்குடியின் கல்வி, 15இலிருந்து 50 வரை வெகுமக்கள் கல்வி, அதற்கு மேல் எல்லாருக்குமான கல்வி. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும்போது மாணவர் எண்ணிக்கையோடு பாடமுறை, தேர்வு, ஆசிரியர் மாணவர் உறவு, நிர்வாகம் எல்லாமே மாறியாக வேண்டும் என்பதே அவர் வாதத்தின் உயிர். நாம் மூன்றாம் கட்டத்தை நெருங்கும் எண்ணிக்கையை முதல் கட்டத்தின் ஏற்பாட்டில் அடைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த எண்ணிக்கை தானாக வந்ததும் இல்லை. சத்துணவு, இலவசப் பஸ் பாஸ், ஊருக்குப் பக்கத்திலேயே மேல்நிலைப் பள்ளி என்று பல தலைமுறை உழைப்பு இதன் பின்னால் இருக்கிறது. 1978இல் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு கல்லூரியை விட்டுப் பள்ளிக்கு மேல்நிலைக் கல்வியாக இடம்பெயர்ந்தது; அன்று கல்லூரிகளுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்தது. அப்படியொரு ஆசுவாசம் பிறகு வரவில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. கல்லூரிக்கு அனுப்பத் தயங்கிய குடும்பங்களை அனுப்ப வைக்கும் திட்டங்கள் இவை. அழைக்கப்பட்டவர்கள் வந்திருக்கிறார்கள். அதில் குறைசொல்ல எதுவும் இல்லை.

அழைத்தவர்கள் இலை போட்டார்களா என்று பார்த்தால்தான் சங்கடம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் அரசு கலை அறிவியல் கல்லூரிகள் எழுபதைத் தாண்டவில்லை. பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகள் அரசுக் கல்லூரிகளாக மாற்றப்பட்டதையும் புதிதாகத் திறந்தவற்றையும் சேர்த்தால் இன்று 170க்கு மேல். புதிய கல்லூரிகளில் பல, சொந்தக் கட்டடம் எழும்வரை உள்ளூர் அரசுப் பள்ளியிலோ வேறொரு தற்காலிக இடத்திலோ இயங்கத் தொடங்கியவை. இதே காலத்தில் நிரந்தர உதவிப் பேராசிரியர் நியமனத்தின் கதை இப்படிப் போகிறது. ஆசிரியர் தேர்வு வாரியம் 2013இல் 1,093 இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. அடுத்த பெரிய அறிவிப்பு 2019இல், 2,331 இடங்களுக்கு; அது நியமனத்தில் முடியவில்லை. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு இன்னொன்று. அதற்கான தேர்வும் தள்ளிப்போனது. 2025 அக்டோபரில் 2,708 இடங்களுக்கு மறுபடி ஓர் அறிவிப்பு. நடுவில் கடந்துபோன ஆண்டுகளில் நான்கைந்து தலைமுறை இளங்கலை மாணவர்கள் உள்ளே வந்து பட்டமும் வாங்கி வெளியேறிவிட்டார்கள்.

அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட அவர்கள் இல்லாவிட்டால் அரசுக் கல்லூரிகளில் பாதி வகுப்புகள் நடக்காது. தகுதியில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. நெட், செட், முனைவர் பட்டம் என்று கையில் வைத்திருப்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு அண்மை ஆண்டுகளில் தரப்படும் தொகுப்பூதியம் மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம்தான். பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியிலேயே ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று வரையறுத்துவிட்டது. நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700, அதற்கு மேல் படிகள். ஒரே துறையில், ஒரே வகுப்புக்கு, அடுத்தடுத்த மணி நேரத்தில் இந்த இருவரும் பாடம் நடத்துகிறார்கள். கௌரவ விரிவுரையாளரை மாணவர் வழிகாட்டி, ஆய்வு நெறியாளர், வகுப்புப் பொறுப்பாளர் என்று நீண்ட காலப் பொறுப்புகளில் உட்கார வைக்க நிர்வாகத்துக்கே தயக்கம். ஆக, நிரந்தரப் பணியில் மிஞ்சியிருக்கும் சிலர் மீது தேர்வுப் பணி, நாக் தரமதிப்பீட்டுக் கோப்புகள், உதவித்தொகைச் சரிபார்ப்பு, நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டப் பொறுப்பு எல்லாம் குவிகின்றன.

அகில இந்தியச் சராசரியைக் காட்டி, நிலைமை அவ்வளவு மோசமில்லையே என்று ஒருவர் கேட்கலாம். 4.33 கோடி மாணவருக்கு ஏறத்தாழ 16 லட்சம் ஆசிரியர். வகுத்தால் ஆசிரியருக்கு 27 மாணவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 27 என்பது வகுப்பின் அளவு இல்லை. நம் கல்லூரிகளின் ஆறு நாள் சுழற்சியில், நாளுக்கு ஐந்து மணி நேரம் என்று ஒரு மாணவர் 30 மணி நேரம் வகுப்பில் உட்காருகிறார். மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிப்படி ஓர் உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். 27ஐ 30ஆல் பெருக்கி 16ஆல் வகுத்தால் 50 சொச்சம் வருகிறது. தாளில் 27 என்று எழுதியிருக்கும் விகிதம், வகுப்பறைக்குள் நுழையும்போது 50 பேர் கொண்ட வகுப்பாக நிற்கிறது. விகிதம் 40 ஆனால் வகுப்பு 75 ஆகும். அறிக்கைகளில் விகிதத்தைப் படித்து ஆறுதல் அடைபவர்கள் இந்தப் பெருக்கலைச் செய்து பார்ப்பதில்லை.

சரி, 50 பேருக்கு நடத்தும் பாடத்தை 75 பேருக்கு நடத்த முடியாதா? முடியும். குரல் எட்டினால் 200 பேருக்கும் நடத்தலாம். கூட்டம் முதலில் அடித்து வீழ்த்துவது விரிவுரையை இல்லை; மாணவர் எழுதியதை ஆசிரியர் படிக்கும் வேலையைத்தான். 72 பேர் கொண்ட நான்கு வகுப்புகள் ஓர் ஆசிரியர் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம், 288 மாணவர். பருவத்துக்கு இரண்டு இன்டர்னல், ஒரு மாடல் தேர்வு. 864 விடைத்தாள். ஒரு தாளை உருப்படியாகப் படித்து, தவறு எங்கே என்று ஓரத்தில் ஒரு வரி எழுத 10 நிமிடம் ஆகும் என்றால் மொத்தம் 144 மணி நேரம். அவர் ஒன்பது வாரம் வகுப்பில் நின்று நடத்தும் நேரத்துக்கு அது சமம். 60 பேராக இருந்தபோது இதே வேலைக்கு 120 மணி நேரம் தேவைப்பட்டது. கூடுதல் 24 மணி நேரத்தை எந்த அறிவிப்பும் தருவதில்லை. அசைன்மென்ட், செமினார் எதையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. நடைமுறையில் என்ன நடக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்: 10 நிமிடம் மூன்று நிமிடமாகிறது, தாளின் நீளமும் உபதலைப்புகளும் மதிப்பெண் வாங்குகின்றன, ஓரத்து வரி மறைந்து ஒரு டிக் மட்டும் மிஞ்சுகிறது. மாணவருக்குத் தான் எழுதியது ஏன் 14, ஏன் 18 இல்லை என்பது கடைசிவரை தெரியாது. அவர் அடுத்த தேர்வில் அதையே இன்னும் நீளமாக எழுதுகிறார்.

அறிவியல் துறைகளில் இதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். வேதியியல் ஆய்வகத்தில் டைட்ரேஷன் என்பது கையும் கண்ணும் பழக வேண்டிய வேலை. பியூரெட்டின் குழாயை இடது கையால் மெல்லத் திறந்து, வலது கையால் குடுவையைச் சுழற்றி, நிறம் மாறும் அந்த ஒரு சொட்டில் நிறுத்த வேண்டும். ஒத்துப்போகும் அளவீடு கிடைக்கும்வரை திரும்பச் செய்ய வேண்டும். ஒரு பியூரெட்டுக்கு மூன்று பேர் என்றானதும் வேலை பிரிந்துவிடுகிறது. ஒருவர் சொட்டுவிடுகிறார், ஒருவர் அளவைக் குறிக்கிறார், மூன்றாமவர் இருவரின் ரெக்கார்டு நோட்டையும் பார்த்துத் தன்னுடையதில் எழுதுகிறார். மூன்று ரெக்கார்டிலும் கையெழுத்து விழுகிறது. மூன்று பேரும் பிராக்டிக்கலில் தேர்ச்சி பெறுகிறார்கள். அவர்களில் ஒருவருக்குத்தான் டைட்ரேஷன் தெரியும்.

இட நெருக்கடிக்கு நாம் கண்டுபிடித்த மருந்து ஷிஃப்ட் முறை. 2006-07இல் அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் அது வந்தபோது, ஒரு கட்டடத்தில் இரண்டு கல்லூரி நடத்திவிடலாம் என்ற கணக்கு எளிதாக இருந்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது இடம் கொடுத்தது. காலையில் படித்து மாலையில் ஜவுளிக்கடையிலோ பட்டறையிலோ வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கியவர்களுக்குப் பெரிய உதவியும்கூட. ஆனால் காலை ஷிஃப்ட் மாணவர் கடைசி மணி அடித்ததும் மதிய ஷிஃப்டுக்கு அறையைக் காலி செய்தாக வேண்டியிருந்தது. மதிய ஷிஃப்ட் மாணவர் வகுப்பு முடிந்து நிமிரும்போது கிராமத்துக்குப் போகும் பஸ் புறப்பட்டுக்கொண்டிருக்கும். வகுப்பு முடிந்தபின் ஆசிரியரைத் தேடிப் போவது, நூலகத்தில் உட்காருவது, ஆய்வகத்தில் இன்னொரு முறை செய்து பார்ப்பது எல்லாம் அட்டவணைக்கு வெளியே நடப்பவை. ஷிஃப்ட் முறை வெட்டி எறிந்தது அந்த நேரத்தைத்தான். கட்டடத்தின் பயன்பாடு இரட்டிப்பானது; கல்லூரி வாழ்க்கை பாதியானது.

இந்த இழப்பு எல்லார் தலையிலும் ஒரே அளவில் விழுவதில்லை. வீட்டில் படித்த அண்ணன் அக்கா இருப்பவர், ட்யூஷனுக்குப் பணம் கட்டக்கூடியவர், பள்ளியிலேயே ஆங்கிலம் பழகியவர், ஆசிரியர் திருத்தாத தாளையும் எப்படியாவது சமாளித்துக்கொள்வார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவருக்குத் தன் எழுத்தைப் படித்துச் சொல்ல ஆசிரியரைத் தவிர யாரும் இல்லை. அந்த ஆசிரியருக்கு நேரமில்லை என்றால் அந்த மாணவர் கையில் இருப்பது ஜெராக்ஸ் கடை நோட்ஸும் பழைய வினாத்தாளும்தான். சேர்க்கையில் சமூக நீதியை நிலைநாட்டிய ஒரு மாநிலம், வகுப்பறையின் நேரப் பங்கீட்டில் அதை நழுவவிடுகிறது. தேர்ச்சி விகிதம் இதைக் காட்டிக்கொடுக்காது. அரியர் வைக்காமல் வெளியேறிய ஒருவர், தன் துறையில் ஒரு பக்கம் சொந்தமாக எழுத முடியாமல் தடுமாறுவது வேலைக்கான நேர்காணலில்தான் தெரியவருகிறது. அப்போது, “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை” என்று பேசுவது நமக்கு வசதியாக இருக்கிறது.

அந்தப் பேச்சின் நாகரிகமான வடிவம், சேர்க்கையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது. பிரிட்டனில் பல்கலைக்கழக விரிவாக்கம் தொடங்கிய 1960இல் நாவலாசிரியர் கிங்ஸ்லி ஏமிஸ், கூட்டம் கூடினால் தரம் கெட்டுவிடும் என்று எழுதினார். மூன்றாண்டில் வந்த ராபின்ஸ் குழு அறிக்கை அதை ஏற்கவில்லை. தகுதியும் விருப்பமும் உள்ள எல்லாருக்கும் இடம் வேண்டும் என்றது. நம் நாட்டில் 1966இல் அறிக்கை தந்த கோத்தாரி ஆணையம் வசதிகளை மீறிச் சேர்க்கை வளர்வதைக் கண்டு, தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் முறையைப் பரிந்துரைத்தது. கோத்தாரி கண்ட நோய் உண்மையானது. சொன்ன மருந்தைத்தான் ஏற்க முடியவில்லை. கல்லூரிக் கதவைக் குறுக்கினால் வெளியே நிற்கப்போவது யார் என்பதில் தமிழ்நாட்டில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. அரசுக் கல்லூரியில் இடமில்லை என்றால் வசதியுள்ள பிள்ளை சுயநிதிக் கல்லூரிக்குப் போகும். இல்லாத பிள்ளை திருப்பூருக்கு வேலைக்குப் போகும்.

வகுப்பின் அளவுக்கும் கற்றலுக்கும் அவ்வளவு தொடர்பில்லை, நல்ல ஆசிரியர் எத்தனை பேரையும் இழுத்து உட்கார வைப்பார் என்பது அடுத்த மறுப்பு. இதில் பாதி உண்மை உண்டு. விரிவுரையை மட்டும் கேட்டுவிட்டுப் போகும் வகுப்பு 40 பேராக இருந்தால் என்ன, 140 பேராக இருந்தால் என்ன, பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். ஆனால் அறிவியல், பொறியியல், கணிதப் படிப்புகளில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து ஸ்காட் ஃப்ரீமனும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட கட்டுரையைப் பார்க்க வேண்டும். வெறும் விரிவுரை நடந்த வகுப்புகளில் தோற்றவர் ஏறத்தாழ 34 சதவீதம். மாணவர் தாமே கணக்குப் போட்டு, விவாதித்து, உடனுக்குடன் திருத்தம் பெற்ற வகுப்புகளில் 22 சதவீதம். எல்லா அளவிலான வகுப்பிலும் இந்தப் பலன் இருந்தது. 50 பேருக்கு உட்பட்ட வகுப்பில்தான் மிக அதிகம். ஆக, பெரிய வகுப்பிலும் நல்ல முறையைக் கையாளலாம் என்பது சரி. அதற்கு ஆயத்தம் வேண்டும், உதவிக்குக் கைகள் வேண்டும், நகர்த்தக்கூடிய பெஞ்சாவது வேண்டும்.

இணையவழிப் பாடம் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கை டெல்லியில் பலமாக இருக்கிறது. ஒன்றிய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம் 2017இல் தொடங்கியது. ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை அதன்வழி படிக்கலாம் என்று மானியக் குழு 2021இல் அனுமதித்தது. ஐ.ஐ.டி. பேராசிரியரின் நல்ல விரிவுரை ஒன்று தருமபுரி மாணவருக்குக் கிடைப்பதை யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் நம்மிடம் பற்றாக்குறையாக இருப்பது விரிவுரை இல்லையே. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் தொடங்கிய எட்எக்ஸ் பாடங்களை ஆராய்ந்தவர்கள், 2017-18இல் சேர்ந்தவர்களில் சுமார் 3 சதவீதத்தினரே முடித்தார்கள் என்று கண்டார்கள். பணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிந்தவர்களில் முடித்தவர் கணிசம். தானாகப் படிக்கும் பழக்கமும் பணமும் உள்ளவருக்கே இணையப் பாடம் முதலில் பயன்படுகிறது. கொரோனா காலத்தில் 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, ஏறத்தாழ 9.7 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜி.பி. டேட்டா தரத் தமிழ்நாடு அரசு முன்வந்தது. டேட்டா வந்தது, விடைத்தாளைப் படிக்க ஆள் வரவில்லை.

இன்னொரு கேள்வி கொஞ்சம் கனமானது. கணிதத்திலும் இயற்பியலிலும் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன, பொறியியல் கல்லூரிகள் மூடப்படுகின்றன, அப்படியிருக்கக் கூட்டம் எங்கே? உண்மைதான், கூட்டம் பி.காம்., கணினி அறிவியல், சில மொழி வகுப்புகள் என்று சில வாசல்களில்தான் முண்டுகிறது. இது என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. ஆசிரியர் பணியிடங்கள் துறைவாரியாக, என்றோ ஒரு காலத்துத் தேவையைக் கொண்டு ஒதுக்கப்பட்டவை. மாணவர் விருப்பம் மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறுகிறது. பணியிட ஒதுக்கீட்டை ஆண்டுதோறும் மறுபார்வை செய்யாதவரை ஒரு துறையில் ஆசிரியர் ஆளில்லாத பெஞ்சுக்கும், பக்கத்துத் துறையில் ஆசிரியர் நிற்க இடமில்லாத அறைக்கும் பாடம் நடத்திக்கொண்டுதான் இருப்பார்கள்.

கடைசியில் எல்லாம் பணத்தில் வந்து நிற்கிறது. 4,000 உதவிப் பேராசிரியர்களை நியமித்தால் தொடக்க அடிப்படைச் சம்பளம் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 277 கோடி ரூபாய். படிகளைச் சேர்த்தால் தொகை இன்னும் வெகுவாகக் கூடும். சிறிய தொகை என்று சொல்லமாட்டேன். பணக்கார நாடுகளே இந்த இடத்தில் சறுக்கியிருக்கின்றன: பிரிட்டனில் இருபது ஆண்டுகளில் மாணவர் ஒருவருக்கான பொதுநிதி 40 சதவீதத்துக்கு மேல் குறைந்துபோனதை 1997இல் டியரிங் குழு பதிவு செய்தது, அடுத்த ஆண்டே அங்கே மாணவர் தலையில் ஆயிரம் பவுண்டு கட்டணம் வந்து உட்கார்ந்தது. நாம் கட்டணம் ஏற்றவில்லை, அது பெருமைக்குரியது. பதிலாக ஆசிரியரின் நேரத்தையும் கௌரவ விரிவுரையாளரின் வாழ்க்கையையும் செலவழித்துக்கொண்டிருக்கிறோம். வரவுசெலவுத் திட்டத்தில் காட்டப்படாத செலவும் செலவுதான்.

செய்ய வேண்டியவற்றில் சிலவற்றுக்குப் பணமே வேண்டாம். மூன்று தேர்வை டிக் அடித்துத் திருத்துவதைவிட ஒரே தேர்வை வரிவரியாகத் திருத்தி மாணவர் கையில் கொடுப்பது மேல். பாடத்திட்டக் குழுக்கள் இதை நாளைக்கே செய்யலாம். முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு உரிய ஊதியம் கொடுத்து இளங்கலை மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பயிற்சி கொடுக்க வைக்கலாம்; பல நாடுகளில் பல்கலைக்கழகங்கள் ஓடுவதே இப்படித்தான். நூலகத்தை இரவு எட்டு மணிவரை திறந்து வைப்பதற்கு இரண்டு ஊழியரும் கொஞ்சம் மின்கட்டணமும் போதும். ஒவ்வொரு அரசுக் கல்லூரியும் துறைவாரியாக எத்தனை மாணவர், எத்தனை நிரந்தர ஆசிரியர், எத்தனை கௌரவ விரிவுரையாளர் என்ற கணக்கை ஆண்டுதோறும் பொதுவில் வைக்க வேண்டும். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது உறுப்பினர்கள் புதிய கல்லூரி கேட்பதோடு இந்தக் கணக்கையும் கேட்க வேண்டும். ஆனால் இவையெல்லாம் நியமனத்துக்குத் துணையாக நிற்பவை, அதற்கு மாற்றாக முடியாது. பிளஸ் டூ தேர்வு ஆண்டுதோறும் நடக்கிறது, சேர்க்கை ஆண்டுதோறும் நடக்கிறது, பேராசிரியர்கள் ஆண்டுதோறும் ஓய்வு பெறுகிறார்கள். நியமனம் மட்டும் பத்தாண்டுக்கு ஒருமுறை நடப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.